அதிகாரியின் வலது கண்

வலது கண்ணில் இரும்புத் தூசியோடு கண் டாக்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தவர், ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. 'கண்ணாடி அணியாமல் உள்ளே வராதே' என்று பட்டறையில் சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டவைத்த புண்ணியவான். ஒட்டியது நேராக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அன்று காலை தன் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்து இயந்திரம் அவர் பதவியை மதிக்கவில்லை.

மாலையில் முதலாளி முன்னிலையில் கண் பாதுகாப்பு பற்றி அவர் பேச வேண்டும். கட்டுப் போட்ட கண்ணோடு பேசினால் ஊரே சிரிக்கும்.

"இது மரத்துப்போற சொட்டு சார்," என்றாள் நர்ஸ். "கொஞ்ச நேரத்துக்கு என்ன பட்டாலும் தெரியாது. கண்ணைக் கசக்கிடாதீங்க."

சொட்டு விழுந்ததும் சுரீரென்றது. அப்புறம் வலி போன இடம் தெரியவில்லை. டாக்டர் வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, "மேல பாருங்க, அசையாதீங்க, ம்," என்று முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

பரிசோதனை இவ்வளவு சொகுசா என்று அதிகாரி வியந்துகொண்டிருக்கும்போதே நர்ஸ் ஒரு தட்டோடு வந்தாள். தட்டில் பஞ்சு இருந்தது, பிளாஸ்திரி இருந்தது. அவர் கண்ணில் பட்டது கத்தரிக்கோல் மட்டும்தான்.

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேம்மா."

வாசலில் பைக்கோடு நின்ற மச்சினன் கேட்டான்: "தூசிய எடுத்துட்டாங்களா மாமா?"

"எடுக்க என்ன இருக்கு? மருந்துலயே கரைஞ்சிடுச்சு. வண்டிய எடு."

இரும்பு கரையுமா என்று மச்சினன் கேட்கவில்லை. அக்கா வீட்டில் சாப்பிடுகிறவன்.

ஆபீசில் வீர வரவேற்பு. "வலியா? எனக்கா?" என்று ஸ்டோர் கீப்பர் எதிரில் விரல் முட்டியால் கண்ணை நன்றாகத் தேய்த்துக் காட்டினார். மனிதர் அசந்துபோனார்.

மருந்தின் வேகம் அடங்கியதும் பழைய வலி வட்டியோடு திரும்பியது. அதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு மச்சினனுக்குப் போன் போட்டார். மெடிக்கல் ஷாப்பில் அவனுக்கு ஒரு சினேகிதன் உண்டு.

"அந்த மரத்துப்போற சொட்டை டாக்டர் சீட்டு இல்லாம தரக்கூடாதாம் மாமா. திரும்பத் திரும்பப் போட்டா கண்ணே கெட்டுப்போகுமாம்."

"வாங்கிட்டியா இல்லையா?"

"வாங்கிட்டேன்."

ஊற்றினார். வலி போயிற்று. தூசி இருக்கிறதா என்று கண்ணாடி முன்னால் நின்று சுண்டுவிரலால் துழாவினார். வலி வந்தது. மறுபடி ஊற்றினார். மறுபடி துழாவினார். மேடை ஏறும்போது கண் வீங்கி, எழுதிவைத்திருந்த பேச்சு முழுக்க நீரில் மிதந்தது.

"கண் என்பது..." என்று ஆரம்பித்தார். பொலபொலவென்று கொட்டியது.

முன்வரிசையில் முதலாளி உருகிப்போனார். "வேலை மேல இவ்வளவு பாசமா?" என்று மேடையேறிக் கட்டிப்பிடித்தார். கிட்டத்தில் பார்த்ததும் பிடி தளர்ந்தது.

"யோவ், என்னய்யா இது கண்ணு?"

முதலாளியின் காரிலேயே அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதலாளி விறைப்பாக நின்றுகொண்டிருக்க, டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, "கருவிழியெல்லாம் கீறல்," என்றார். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட சொற்பொழிவு.

இனி மறைத்துப் பயனில்லை. வேலை போனாலும் கண் மிஞ்சட்டும் என்று அதிகாரி துணிந்தார்.

"தப்பு என்னோடதுதான் முதலாளி. காலையில தூசிய எடுக்க வந்தப்ப பயந்து ஓடிட்டேன். டாக்டர், எவ்வளவு வலிச்சாலும் தாங்கிக்கறேன். இப்பவே எடுத்துடுங்க."

நர்ஸ் அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

"தூசியக் காலையிலயே எடுத்தாச்சு சார். கட்டுப் போடலாம்னு வந்தப்பதான் நீங்க ஓடிட்டீங்க."