செல்வி இசைவாணியின் மீசை

புவனகிரி,
புதன்கிழமை.

என் அன்பு மச்சான் ராஜவேலுக்கு, உன் மாமா சின்னையன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா மகள் இசைவாணியும் ஒருவிதமாக நலம். மேல்பட்டாம்பாக்கத்தில் நீயும் சுவேதாவும் பிள்ளைகளும் எல்லாவிதத்திலும் நலமாக இருக்க வேண்டும். போனிலேயே பேசலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததும் "டவர் கெடைக்கல மாமா" என்பாய். கடிதத்துக்கு டவர் வேண்டாம் பார், அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு வரும் பராமரிப்பு உதவித்தொகை விஷயமாக இசைவாணியைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் பேங்குக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். "செல்வி இசைவாணி!" என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ, அந்தப் பெயரை எங்கே கூப்பிட்டாலும் எழுந்திருப்பவன் நான்தானே? பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிக்கொண்டு "நான்தாம்மா" என்று எழுந்துவிட்டேன். வேட்டியும் மீசையுமாக ஒரு செல்வி! பேங்கே சிரித்தது. கவுன்ட்டரில் இருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரியாத்தான இருக்கு, வாங்க" என்றார். போய்ப் பார்த்தால், புதிதாக வந்த அட்டையில் செல்வி இசைவாணி என்ற பெயருக்கு நேரே என் படம். பராமரிப்பவர் சின்னையன் என்ற இடத்தில் அவள் படம், வாயெல்லாம் பல்லாக.

இது யார் வேலை என்கிறாய்? என் வேலைதான். உனக்குத் தெரியாததா, அவளுக்கு உடம்புக்குத்தான் இருபத்தெட்டு வயசு, மனசுக்கு நாலு. எதையும் நான் முதலில் செய்து காட்டினால்தான் அவள் செய்வாள். கசப்பு மருந்தென்றால் எனக்கு ஒரு மடக்கு, பிறகு அவளுக்கு. முடிவெட்டு என்றால் முதலில் என் தலை. என் தலை இப்போதிருக்கும் கோலத்துக்கு வயசு மட்டும் காரணமில்லை. அட்டைக்குப் படம் எடுக்கச் சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோமா, அங்கே கேமராவுக்கு முன்னால் சுழல் நாற்காலி. "சுத்தும், வாணாம்பா" என்று இவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "ஒண்ணும் பண்ணாது கண்ணு, இங்க பாரு" என்று நான் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கடைப் பெண் சுவாதி, "ஆடாதீங்க சார்" என்று கேமரா பட்டனை அமுக்கிவிட்டது. அதற்குள் இவளுக்குப் பயம் தெளிந்து, என்னைத் தள்ளிவிட்டு ஏறினாள். அடுத்த படம் அவளுடையது. முதல் படத்தை அழித்துவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். அட்டைக்குரியவர் முதலில், பராமரிப்பவர் அடுத்து என்று நாங்கள் வரிசையாக வந்து உட்காருவதாகச் சுவாதி நினைத்தது. முடிந்தது கதை.

பேங்க் அம்மா விடவில்லை. "ஒங்களப் பாத்துக்கறவுங்க வந்து கையெழுத்துப் போடணும் சார். எங்க அவுங்க?" என்றார். நான் இவளைக் காட்டினேன். இவள் அப்போது மேலே ஓடுகிற ஃபேனுக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தாள். "இவுங்களா ஒங்களப் பாத்துக்கறாங்க?" என்றார். மச்சான், கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். உன் அக்கா மங்கலம் போய்ச் சேர்ந்ததிலிருந்து காலையில் என்னை உலுக்கி எழுப்புவது யார்? நான் சாப்பிடாமல் படுத்தால் தட்டைக் கொண்டுவந்து நெஞ்சின் மேலேயே வைப்பது யார்? "ஆமாம்மா" என்றேன். கடலூர் ஆபீசுக்குப் போய் இதைச் சரிபண்ணிக்கொண்டு வாருங்கள், அதுவரை பணம் வராது என்று அனுப்பிவிட்டார்கள்.

போன திங்கட்கிழமை கடலூர் போனோம். பஸ்ஸில் ஏறினவர்களிடமெல்லாம் "நான் கடலூர் போறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். "நாங்களும் அங்கதாம்மா போறோம்" என்று ஒருவர் சொன்னதும் ஆச்சரியம் தாங்கவில்லை அவளுக்கு. ஆபீசில் கார்த்திகேசன் என்று ஓர் அதிகாரி, சின்ன வயசு, தங்கமான பிள்ளை. அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "படம் ஒண்ணுமில்ல சார், மாத்திடலாம். ஒங்களுக்கு அப்புறம் காப்பாளர் யாருன்னு எழுதலியே? எடம் காலியா இருக்கு" என்றார். பரீட்சைக்குப் படிக்காமல் போன பையன் மாதிரி முழித்தேன். இவள் சத்தமாக, "ராஜ மாமா!" என்றாள். "பையில பேனா வச்சிருப்பாரு" என்று தகுதியும் சொன்னாள். அவர் உன் பெயரைப் பென்சிலால் எழுதிக்கொண்டு, "கூட்டிட்டு வாங்க, அவரு சம்மதிச்சாதான் பேனாவுல எழுதுவேன்" என்றார்.

ஆகவே மச்சான், வருகிற திங்கட்கிழமை நீ கடலூர் வந்துவிடு. ஒரு கையெழுத்துதான், ஆபீஸ் சம்பிரதாயம். எனக்கென்ன, உருக்கு உடம்பு. மூச்சு வாங்குவதெல்லாம் மாடிப்படி ஏறும்போதுதான், நம் வீட்டில் மாடியே இல்லை. உன் பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவில் இசைவாணி மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாததில் சுவேதாவுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். அந்த ஆபீசில் மைக் கிடையாது என்று சொல்லு. வெறும் கையெழுத்து, போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம்.

சுவேதாவுக்கு என் அன்பான விசாரிப்பு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நன்றாகப் படித்து, நீங்கள் சொன்ன பேச்சுக் கேட்டு நடக்கட்டும். இசைவாணி உனக்கு வணக்கம் எழுதச் சொன்னாள். எழுதினேனா என்று பக்கத்திலேயே நின்று பார்க்கிறாள்.

இப்படிக்கு,
படம் மாறிய உன் மாமா,
சின்னையன்.

பி.கு.: அவள் தூங்கிவிட்டாள். மேலே வெறும் கையெழுத்து என்று எழுதியதெல்லாம் பொய் மச்சான். போட்டால் ஆயுசுக்கும் அவள் உன் பொறுப்பு. மருந்து, குளியல், மைக் எல்லாம் சேர்த்துத்தான். உருக்கு உடம்பும் பொய்தான், டாக்டர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சுவேதாவோடு உட்கார்ந்து பேசு. முடியாதென்றால் வராதே, நான் கோபிக்க மாட்டேன். அவளிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். அந்த அதிகாரி "ஒங்களுக்கு அப்புறம்?" என்று கேட்டபோது, இவள் உன் பெயரைச் சொல்வதற்கு முன்னால், என் தொண்டை வரைக்கும் ஒன்று வந்தது. பக்கத்தில் அவள் இருந்ததால் விழுங்கிக்கொண்டேன்: "எனக்கு அப்புறம்னு ஒண்ணு வாணாம் சார். அவளுக்கு அப்புறம் ஒரே ஒரு நாள் நான் இருந்தாப் போதும்."