பாசி ஒழிப்புப் பிரிவில் பன்னிரண்டு மோலிகள்

உலக நிர்வாக வரலாற்றிலேயே பாசியைக் கண்டித்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிய ஒரே அலுவலகம் இதுதான். வரவேற்பறையில் இருந்த கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியில் பச்சை படிந்து, மீன்கள் வெளியே தெரியவில்லை. மீன்களுக்கும் அலுவலகம் தெரியவில்லை என்பதால் அவற்றின் தரப்பிலிருந்து புகார் எதுவும் வரவில்லை.

வாரம் இரண்டு நாள் வந்து பாசியைச் சுரண்டிவிட்டுப் போவார் ‘தொட்டிக்கார அக்கா’. ஒரு நாள் மேலாளர் அவரைத் தம் அறைக்கே அழைத்து உட்காரவைத்தார். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“மோலி மீன் நல்ல தண்ணியில வாழறதாம். ஆனா உப்புத் தண்ணிக்குப் பழக்கிடலாமாம். நாள் முழுக்கப் பாசியைத் தின்னும், லீவே கேட்காது. நீங்க பன்னெண்டு மீனைப் பழக்கிக் கொடுத்துட்டா, அப்புறம் வரவே வேண்டாம்மா.”

“அப்ப என் வேலை, சார்?”

“அதைத்தான் மீனுங்ககிட்ட ஒப்படைக்கிறோமே!” என்றார் மேலாளர், விருது அறிவிக்கும் குரலில். “நாளைக்குள்ள முடிஞ்சிடுமா?”

“ஒரு வாரமாவது ஆகும், சார். அவசரப்பட்டா செத்துடும்.”

“எங்க புது ஆளுங்களுக்கு அரை நாள்லயே பயிற்சி முடிச்சிடறோமே?”

“அவங்க உட்கார்ந்தா போதும், சார். இதுங்க நீந்தணும்.”

அக்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அரைகுறையாகப் பழக்கினால் மிதக்கப்போவது மேலாளர் அல்லவே. மோலிகளை ஒரு வாளியில் விட்டு, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, கடல்நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். காலையும் மாலையும் உப்பை அளந்தார். ஏழாம் நாள் பன்னிரண்டும் உயிரோடு தொட்டிக்குள் போயின. தன் வேலைக்குத் தானே உலைவைத்த கையோடு, பாராட்டுக் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மோலிகள் மூன்றே நாளில் கண்ணாடியைத் துடைத்துவைத்தாற்போல் ஆக்கின. அலுவலகம் புல்லரித்தது. அவற்றுக்குப் ‘பாசி ஒழிப்புப் பிரிவு’ என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். மேலாளர் காலையில் ஒரு சிட்டிகை ‘ஊக்க உணவு’ போட்டார். துணை மேலாளர் சும்மா இருப்பாரா? அவர் மதியம் இரண்டு சிட்டிகை போட்டார். வாசல் காவலர் தம் பங்குக்கு மாலையில் போட்டார். மோலிகள் கொழுத்தன. உணவு விழும் மூலையை விட்டு நகராமல், எந்த அதிகாரி வந்தாலும் வாலை ஆட்டின.

பாசி திரும்பி வந்தது. உடனே குழு கூடி, பிரிவினர் சோர்ந்துபோயிருக்கலாம் என்று பரிவோடு கருதி, ஊக்க உணவை இரட்டிப்பாக்கியது. இருப்பதிலேயே பருத்த மோலி ‘பிரிவுத் தலைவர்’ ஆனது. அடுத்த வாரம் கண்ணாடி முழுக்கப் பாசி மூடி, மீன்கள் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு அழைப்பு போனது. அவர் வந்து மூடியைத் திறந்ததும் பன்னிரண்டும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. பார்த்துப் பார்த்துப் பழக்கியவை இப்படிக் கெட்டுப்போனதில் அவருக்கு வருத்தம்தான். அதைவிடச் சந்தோஷம் கொஞ்சம் கூடுதல்.

“என்னம்மா பழக்கினீங்க? ஒண்ணும் வேலையே செய்ய மாட்டேங்குது,” என்றார் மேலாளர். “இன்னைலேர்ந்து நீங்களே வந்து சுரண்டுங்க. அறிக்கையில மட்டும் மீனுங்க செஞ்சதாவே இருக்கட்டும். மேல அனுப்பியாச்சு.”

அக்கா கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டுச் சுரண்டத் தொடங்கினார்.

“நான் உப்புத் தண்ணிக்குத்தான் பழக்கினேன், சார். ஆபீஸுக்கு அதுங்களாவே பழகிடுச்சுங்க.”