மான் துப்பாக்கி தயாராகிறது

லெம்பி அம்மாள் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பியபோது, கூரையை அமுக்கிவிடுமோ என்று வாரம் முழுக்க அவள் பயந்துகொண்டிருந்த பனிக்குவியலைக் காணோம். கூரை மொட்டையாக இருந்தது. ஏணி, கொட்டகைச் சுவரில் வழக்கமான ஆணியில் தொங்கியது. அன்று கோயிலில் ஆர்வோ காங்கஸின் இடம் மட்டும் காலியாக இருந்ததைக் கவனித்திருந்த அம்மாள், மறுநாள் தபால் நிலைய வாசலில் அவரை மறித்து, "நீங்கதானே?" என்று கேட்டாள். "காத்தா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, வந்த தபாலைக்கூட வாங்காமல் அவர் போய்விட்டார்.

நல்லதை முதலில் சொல்லிவிட்டேன். இனி அவரைக் கேலி செய்யப்போகிறேன்; வரிசை இப்படி இருந்தால் பாவம் கொஞ்சம் குறையும் என்று ஒரு நம்பிக்கை.

மனிதர்களில் எத்தனையோ இனம். நோயாளியைப் பார்க்க வந்து தன் நோயைச் சொல்லிவிட்டுப் போகிற இனம், ஜெபத்தை முடிக்கத் தெரியாமல் சூப்பை ஆறவைக்கிற இனம், இவர்களையெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது தயார் செய்கிறவரைப் பற்றி. இவர் எதையும் செய்யமாட்டார். செய்வதற்கு வேண்டியதைத் தயார் செய்வார். மீன் பிடிக்கலாம் என்று கிளம்பினால் தூண்டிலுக்கு நூல் மாற்ற உட்காருவார், நூலை மாற்றினால் உருளை இறுக்கமாகத் தெரியும், உருளையைக் கழற்றினால் எண்ணெய் பழையதாகத் தெரியும், நல்ல எண்ணெய் தேடி ஊரெல்லாம் அலைந்து திரும்பும்போது ஏரி உறைந்துபோயிருக்கும். வருத்தப்படுவாரா? மாட்டார். உறைந்த ஏரிக்கு வேறு தூண்டில் அல்லவா வேண்டும்!

ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து முடித்தார். அந்த வேலையை ஆர்வோவிடம் ஒப்படைத்திருந்தால், முதல் நாள் வெளிச்சத்தையே இன்னும் துடைத்துக்கொண்டிருப்பார். இப்படிச் சொல்வது தவறென்றால் ஆண்டவர் என்னை மன்னிப்பாராக. ஆர்வோவை அவர் எப்போதோ மன்னித்திருப்பார்.

இந்த இனம் எங்கும் உண்டு. ஆனால் கொழுத்து வளர்வது எங்கள் பக்கத்தில், மான் வேட்டைக்குச் சொந்தக் கையால் தோட்டா செய்கிறவர்களுக்கு நடுவில். கடையில் பெட்டி பெட்டியாகத் தோட்டா இருக்கிறது. இவர்கள் அதை வாங்குவதில்லை. சுட்டுப்போட்ட வெறும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, குளிப்பாட்டி, துவட்டி, எடை பார்த்து, ஒரே எடை உள்ளவற்றை ஒரே குடும்பமாகப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றிலும் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் செருகி வைப்பார்கள். மருந்து ஒரு துகள் கூடிவிட்டால் சாமணத்தால் எடுப்பார்கள். எடுத்தது இரண்டு துகளா என்று சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். சந்தேகம் வராத நாள் உண்டா?

போன வருஷம் ஆர்வோவிடம் அகப்பட்டவள் நோரீன், பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவள். அவள் கணவன் டேல் மரம் வெட்டப் போன இடத்தில் கிளை விழுந்து தோள்பட்டை நொறுங்கிவிட்டது. ஒவ்வொரு நவம்பரிலும் அவன் சுட்டுவரும் மான்தான் அந்த வீட்டில் வசந்தகாலம் வரைக்கும் கறி. மூன்று பிள்ளைகள், மூன்றும் வளர்கிற வயது. கோயிலில் ஆராதனைக்குப் பிறகு காபி குடிக்கிற நேரத்தில் நோரீன் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "இந்த வருஷம் நான் போறேன். வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் பேர் குடுத்தாச்சு."

"துப்பாக்கி பிடிச்சிருக்கியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"துடைப்பம் பிடிச்சிருக்கேன்."

ஏலக்காய் ரொட்டியை வாயில் வைத்திருந்த ஆர்வோ, அதை மென்று முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். "டேலோட துப்பாக்கிய என்கிட்ட குடும்மா. முதல் தடவை பிடிக்கிறவங்களுக்குத் தோள்ல இடிக்கக் கூடாது. இடிச்சா அடுத்த குண்டுக்குக் கண்ண மூடிக்குவாங்க. மெதுவான தோட்டாவா நானே செஞ்சு தர்றேன். நீ காட்டுக்குப் போயி விசைய அமுக்கினாப் போதும்."

"எப்ப கிடைக்கும்?"

"ஒரு சின்ன வேலைதான்."

அப்போது ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன.

ஆப்பிள் காய்த்தது, பழுத்தது, உதிர்ந்தது. துப்பாக்கி ஆர்வோவின் நிலவறையில் இருந்தது. குழலுக்கும் அதன் கீழே இருக்கிற கட்டைக்கும் நடுவில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்த்தார், ஓரிடத்தில் தடுக்கியது, கட்டையை இழைத்தார். இப்போது மற்ற இடமெல்லாம் தடுக்குவதுபோல் தோன்றியது. விசையைக் கழற்றினார், மெருகேற்றினார், மாட்டினார், ராத்திரி படுக்கையில் நினைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பக் கழற்றினார். தோட்டா செய்கிற நாட்களில் மேலே வீடு மூச்சு விடக் கூடாது. எப்போது தயாராகும் என்று கேட்க வந்த நோரீனிடம் அவர் மனைவி சில்வி தன் கஷ்டத்தைச் சொல்லி அழுதாள்.

"வாஷிங் மெஷின் போட்டா கீழ தராசு ஆடுதாம். மாவு பிசைஞ்சா ஆடுதாம். நேத்து ஒரு தும்மல் போட்டேன். 'அய்யோ, பாழாக்கிட்டியே'ன்னு கீழேருந்து கத்தறாரு."

"இந்த மனுஷனோட எப்படித்தான் காலந்தள்ளினீங்க?"

"கல்யாணத்துக்கு மட்டும் தயாராகாம வந்துட்டாரு. அதான் நடந்துச்சு."

சனிக்கிழமைகளில் அவர் சரளைக்கல் பள்ளத்துக்குப் போய், மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியை வைத்து, தூரத்துக் காகிதத்தைச் சுடுவார். மற்றவர்கள் பணப்பையில் பேரப்பிள்ளைகள் படம் வைத்திருப்பார்கள். இவர் ஓட்டை விழுந்த காகிதம் வைத்திருந்தார். "பாருங்க, ரெண்டு ஓட்டை ஒட்டிக்கிட்டு இருக்கு. மூணாவது மட்டும் கோவிச்சுக்கிட்டுத் தள்ளி நிக்குது. அது ஏன்னு கண்டுபிடிக்கணும்" என்று போதகரிடம் நீட்டினார். போதகர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலி கடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

நோரீனும் ஒரு சனிக்கிழமை பள்ளத்துக்குப் போனாள். "நான் ஒண்ணு சுட்டுப் பாக்கட்டுமா?"

ஆர்வோ துப்பாக்கியைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டார். "இது சோதனைத் தோட்டாம்மா. இதுல பழகினா கை கெட்டுப்போகும். நல்ல தோட்டா வரட்டும்."

கவனித்தீர்களா? யாருக்காக இத்தனை பாடோ, அவள் விசையைத் தொட்டதே இல்லை. செய்கிற தோட்டாவையெல்லாம் இவரே சுட்டுத் தீர்த்து, தீர்ந்துபோனதால் திரும்பச் செய்துகொண்டிருந்தார்.

நாளை மான் பருவம் திறக்கிறது, பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை என்கிற நிலையில், தோளில் கட்டோடு டேலே வந்து நிலவறைப் படியில் நின்றான். "துப்பாக்கிய எடுத்துட்டுப் போக வந்தேன்."

"இன்னும் மூக்கு வேலை பாக்கி இருக்கே, டேல்."

மூக்கு வேலை என்பது இது: குண்டைக் கூட்டுக்குள் ஆழமாகச் செருகாமல் வெளியே நீட்டி வைத்தால், அதன் மூக்கு குழலுக்குள் வெட்டியிருக்கிற திருகு வரிகளை முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் குண்டு கோணாமல் போகும். காகிதத்தில் மூன்றாவது ஓட்டையின் கோபம் தீரும். தோட்டா நீளமாகிவிட்டதால் துப்பாக்கியின் தோட்டா அடுக்கான மேகசினுக்குள் போகாது. ஒவ்வொன்றாகக் கையால்தான் போட வேண்டும். "அது பரவாயில்ல. மான் ஒண்ணுதானே" என்றார் ஆர்வோ. சில்வி இறங்கி வந்து, துப்பாக்கியையும் அதுவரை மூக்கு நீட்டி முடித்திருந்த நாலு தோட்டாவையும் அவர் கையிலிருந்து வாங்கி டேலிடம் கொடுத்துவிட்டு, மேலே போய் வாஷிங் மெஷினைப் போட்டாள்.

மறுநாள் நோரீன் ஆரஞ்சு உடுப்பு மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் காட்டு ஓரத்தில் டேல் அடித்து வைத்திருந்த பலகைக் குடிலில் போய் உட்கார்ந்தாள். கூடவே டேல், வெப்பக் குடுவையில் காபி, துணியில் சுற்றிய, மாவுக்குள் கிழங்கு அடைத்த பேஸ்டி. அணில் வந்தது. காக்கை வந்தது. மான் வரவில்லை. பொழுது சாய்கையில் இருவரும், டேலின் தோளை நினைத்துக் குடில் பக்கம் வரை ஓட்டி வந்திருந்த பிக்கப் வண்டிக்குத் திரும்பினார்கள். தோட்டா போட்ட துப்பாக்கியை வண்டியில் ஏற்றுவது சட்டப்படி குற்றம். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி நோரீன் தோட்டாவை வெளியே எடுக்க போல்ட்டைப் பின்னால் இழுத்தாள். கூடு வந்தது. குண்டு வரவில்லை. அது வரிகளில் கடித்துக்கொண்டு குழலிலேயே தங்கிவிட்டது. கூட்டிலிருந்த மருந்தெல்லாம் துப்பாக்கியின் வயிற்றுக்குள் ரவையாகக் கொட்டியது.

"டேல், நான் என்ன பண்ணிட்டேன்?"

டேலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள் வலித்தது. "நீ ஒண்ணும் பண்ணல. அந்த மனுஷன் பண்ணது."

தோட்டாவை முப்பது வருஷமாகச் செய்கிறவருக்கு இது எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். சுடாமல் திரும்புகிறவனுக்குத்தான் தோட்டாவை வெளியே எடுக்கிற வேலை. ஆர்வோ செய்த தோட்டா ஒன்றுகூட அப்படி முழுசாகத் திரும்பியதில்லை; எல்லாம் காகிதத்தின் மேல் வெடித்து முடிந்தவை. காகிதம் வராமல் ஏமாற்றுமா?

தகவல் கேட்டு ஓடி வந்தவர் முகத்தில் வெட்கத்தைத் தேடினோம். "இழுத்தும் வரலையா! எவ்வளவு கச்சிதமா உக்காந்திருக்கு, பாத்தியா டேல்!" என்று பூரித்துப்போனார். குண்டைக் கம்பியால் தட்டி எடுத்துத் தருகிறேன், ஒரு சின்ன வேலைதான் என்று சொல்லி, துப்பாக்கியோடு நிலவறைக்குள் இறங்கிவிட்டார்.

பருவம் ஓடிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் வீட்டு முற்றங்களில் மான் தொங்கியது. பள்ளிக்கூட வண்டியை ஓட்டிக்கொண்டே நோரீன் அதையெல்லாம் பார்த்தாள். அவள் ஃப்ரீசரைத் திறந்தால் ஒரு பட்டாணிப் பொட்டலமும் நிறையக் குளிரும். நன்றி சொல்லும் பண்டிகைக்கு யாரோ கொடுத்த வான்கோழியின் எலும்பையும் சூப் வைத்துக் குடித்தாயிற்று. பருவம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அவள் இறுக்கமான முகத்தோடு நிலவறைக்குள் இறங்கினாள். துப்பாக்கி மேஜையில் பூட்டிய இடுக்கியில் இருந்தது. குழல் எப்போதோ சுத்தமாகியிருந்தது.

"குடுங்க."

"கொஞ்சம் பொறும்மா. மூக்க ஒரு மயிரிழை குறைச்சு, திரும்ப ஒரு தடவை நிறுத்து..."

"ஆர்வோ, என் பிள்ளைங்களுக்கு இந்தக் காகிதத்தையா வறுத்துப் போடறது?"

அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். திருவிருந்து மேஜையில் தவளையைக் கண்டவர்போல ஆர்வோ பின்னால் நகர்ந்தார்.

"கடைத் தோட்டாவா?"

"ஆமா. தோள்ல இடிக்காத வகையாம். கடைக்காரரே சொன்னாரு."

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு எடை இருக்கும்!"

"இருந்துட்டுப் போகட்டும். மான் நிறுத்தா பாக்கப்போகுது?"

இடுக்கியைத் திருகி அவளே துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள். அன்று பின்னேரம் சரளைப் பள்ளத்தில் டேல் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, முதல் குண்டு மண்மேட்டைத் தாக்கியது, அடுத்தது அதே மண்மேட்டை வேறோர் இடத்தில் தாக்கியது, பிறகு மெல்ல மெல்ல, கம்பத்தில் கட்டிய, ஆப்பிள் அப்பம் சுடுகிற தகரத் தட்டுக்குள் ஒன்று விழுந்தது, இன்னொன்றும் விழுந்தது. ஓட்டைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளவில்லை. பார்த்து முகமன் சொல்கிற தூரத்தில்தான் இருந்தன.

"தட்டுக்குள்ள விழுந்தாப் போதும். மானோட நெஞ்சு அந்த அகலம்தான்" என்றான் டேல்.

பருவம் முடிவதற்கு முதல் நாள் காலையில் ஓடைக்கரைப் புதரை விலக்கிக்கொண்டு ஒரு இளம் ஆண்மான் வந்தது. நோரீன் கர்த்தருடைய ஜெபத்தில் பாதி சொன்னாள், மூச்சை விட்டாள், அமுக்கினாள். மான் நாலு எட்டு வைத்து விழுந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைப்பதற்குள் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் வீட்டிலிருந்து ஆர்வோ பனியில் புதையப் புதைய ஓடி வந்தார். வாழ்த்தத்தான் வருகிறார் என்று அவள் கையை நீட்டினாள். அவர் அவளைத் தாண்டிப் போய் முழந்தாளிட்டார். ஜெபிக்கிறார் போலும் என்று டேல் தொப்பியைக் கழற்றினான்.

"எங்க விழுந்துச்சு?" என்று கேட்டார் ஆர்வோ.

"அதோ, அந்தப் புதர்கிட்ட."

"மான் இல்லம்மா, கூடு, கூடு!"

பனியைத் துழாவி, சுட்ட கூட்டைக் கண்டெடுத்து, ஊதி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு, நம்ம மருந்து இல்லன்னு."

"விசை வெண்ணெய் மாதிரி இருந்துச்சு, ஆர்வோ. அது உங்க கைவேலைதான்" என்றாள் நோரீன். உண்மைதான். அவர் காது வரைக்கும் சிவந்துவிட்டார். டேல் சொல்லச் சொல்ல அவள் மானைச் சுத்தம் செய்தபோது அவர் ஓடையைப் பார்த்துத் திரும்பி நின்றார். முடிந்ததும், யாரும் கேட்காமலே கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, முற்றம் வரைக்கும் தனியாகவே இழுத்து வந்தார். ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்கவில்லை.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது மெதுவாக எழுந்து உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று பத்து வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைக்கிற பீங்கான் தட்டு உள்ளே இருக்கிறதா? மகளுக்குச் சைக்கிள் பழக்கப்போகிறேன் என்று செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்ததில், அவள் தன் மகனோடு விடுமுறைக்கு வந்து போனாளா? நல்ல வார்த்தை அமையட்டும் என்று ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பதைத் தள்ளிக்கொண்டே வருகிறீர்களா? நான் எதுவும் சொல்லவில்லை. தராசு ஆடுகிறது, அவ்வளவுதான்.

பனி கரைந்ததும் ஆர்வோவும் சில்வியும் முழங்கால் வலியை முன்னிட்டு மினசோட்டாவில் மகள் வீட்டோடு இருக்கக் கிளம்பினார்கள். சாமான் ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்கு நோரீன் மான்கறித் தொத்திறைச்சி சுற்றி எடுத்து வந்தாள். அதைச் சில்வியின் மடியில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தப்போன ஆர்வோவிடம் கேட்டாள்.

"கேக்கணும்னே இருந்தேன். நீங்க மான் சுட்டு எத்தனை வருஷமாச்சு?"

அவர் கையுறையைக் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவை குறி வச்சேன். அது தலையத் தூக்கி என்னப் பாத்துச்சும்மா. காகிதம் பாக்காது."