பிள்ளைச்சாவடியில் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர்

காற்று அடித்துவிட்டுப் போன இடத்தைப் பார்த்து அதன் வேகத்தைச் சொல்ல எனக்குத் தெரியாது என்பதை இருபத்துநான்காம் வயதில்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை தெரியும் என்று நினைத்திருந்தது பெரிய குற்றமில்லை. நினைத்ததை டிவியில் சொன்னேன், அதுதான் குற்றம்.

அப்போது லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியலுக்குத் தற்காலிக விரிவுரையாளர். சேர்ந்து நான்கு மாதம். தினமும் அறுபது பேர் எழுந்து நின்று ‘குட்மார்னிங் மிஸ்’ சொன்னதில் தலை லேசாகக் கனத்திருந்தது. சுனாமி வந்து இரண்டு வருடம் முழுசாக ஆகவில்லை. கடற்கரை ஊர்களில் யாராவது உரக்கக் கூப்பிட்டாலே ஜனங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடிய காலம் அது. இது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அப்படிப் பேசினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைச்சாவடிக் கடல்மேல் ஒரு காற்று சுழன்று எழுந்து, கரையேறி, ரோட்டைத் தாண்டி, ஐந்தே நிமிஷத்தில் காணாமல் போனதாகச் செய்தி வந்தது. சனிக்கிழமை காலை நோட்டுப் புத்தகத்தோடு ஸ்கூட்டியை எடுத்தேன். சுழல்காற்றின் வேகத்தைப் பெரும்பாலும் கருவி வைத்து அளக்க முடியாது (வைத்தால் கருவியும் சேர்ந்து பறக்கும்). காற்று போன பிறகு என்னென்ன உடைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் கணிப்பார்கள். பூஜ்யம் முதல் ஐந்து வரை படிகள். கிளை முறிந்திருந்தால் பூஜ்யம், ரயில் கவிழ்ந்திருந்தால் மூன்று. எம்.எஸ்சி.யில் இதைப் பற்றி செமினார் எடுத்துக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். நிஜமாக உடைந்த பொருள்தான் அதுவரை கண்ணில் பட்டதில்லை.

பிள்ளைச்சாவடியில் பட்டது. வரிசையாகப் பன்னிரண்டு தென்னைமரங்கள், உச்சியில் இரண்டு மூன்று குருத்தோலை மட்டும் விட்டு மொட்டையாக நின்றன. கீழே ஒரு ஓலைகூடக் கிடக்கவில்லை. ‘அத்தனையையும் கடலுக்குள் கொண்டுபோயிருக்கிறது’ என்று எழுதினேன். ஒரே ஒரு மட்டை கிடைத்தது. அதன் அடி, அரிவாளால் வெட்டியதுபோல நேராக இருந்தது. ‘காற்றின் கூர்மை’ என்று எழுதினேன். (இந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.)

மணலில் ஆறு படகுகள் தலைகீழாகக் கிடந்தன. ஆறும் ஒரே பக்கம் பார்த்துக் கவிழ்ந்திருந்ததால் காற்றின் திசையையும் குறித்துக்கொண்டேன். கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டின் மதில்சுவர் பத்தடி அகலத்துக்கு இடிந்து கிடந்தது. அந்த வீட்டு வாசலில் மஞ்சள் பூசி, மாவிலை கட்டிய ஒரு மூங்கில் மட்டும் அசையாமல் நின்றது. தமிழ் பேசும் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அது பந்தக்கால் என்று சொல்லும். நான் அதன் படத்தை வரைந்து, பக்கத்தில் ‘இது மட்டும் எப்படித் தப்பியது?’ என்று எழுதினேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், “யாரப் பாக்கணும்மா?” என்று கேட்டார். “யாரையும் இல்ல, ஆய்வு” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அந்த நேரம் பார்த்து உள்ளூர் கேபிள் டிவிக்காரர் ஒருவர் கேமராவோடு வந்து சேர்ந்தார். கையில் நோட்டும் மூக்கில் கண்ணாடியுமாக நான் ஒருத்திதான் நின்றேன்.

“மேடம், வேகம் எவ்ளோ இருக்கும்?”

“மூன்றாம் படி. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர்.”

“திரும்ப வருமா மேடம்?”

இந்த இடத்தில் ‘தெரியாது’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. “வாய்ப்பை மறுக்க முடியாது” என்றேன். கல்லூரியில் எல்லாக் கேள்விக்கும் அப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணியிலிருந்து அரைமணிக்கு ஒரு தரம் ஒளிபரப்பினார்கள். சாரம் ஏரியாவில் இருக்கும் என் சித்தி போன் செய்து, புடவை நன்றாக இருந்ததாகச் சொன்னாள். மகிழ்ச்சியில் இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்கு வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும், வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. கூடவே கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் மாணவி ஒருத்தி, வீட்டை அடையாளம் காட்ட வந்தவள். அந்த அம்மாள் கையில் ஒரு தென்னைமட்டை.

“நான் அஞ்சலை. பிள்ளைச்சாவடி. இது காத்து வெட்டுனதா, எங்க வூட்டுக்காரரு வெட்டுனதா? பாத்து சொல்லு பாப்பா.”

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மறுநாள் காலை அவர் மகள் வசந்தாவுக்குக் கல்யாணம். பந்தலுக்குக் கீற்று முடைய வியாழக்கிழமையே ஓலையை இறக்கிவிட்டார்கள். மதிலை இடித்தது மாப்பிள்ளை கார் உள்ளே வர. கல்யாணத்துக்காக மூன்று நாள் யாரும் கடலுக்குப் போகாததால், அடிப்பக்கம் ஓட்டை அடைக்கப் படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். நான் முந்நூறு கிலோமீட்டர் என்று அளந்தது வசந்தாவின் கல்யாண வேலையை. நிஜக் காற்று கொண்டுபோனது டீக்கடைத் தகரம் ஒன்று, முருங்கைக் கிளை ஒன்று.

“டிவியப் பாத்துட்டு கடலூர்லேந்து மாப்ள வூட்டுக்காரங்க போன் பண்ணிட்டாங்க” என்றார் அஞ்சலையம்மா. “பொம்பள, புள்ளைங்கள அந்தக் கடலோரத்துக்கு இட்டாந்து ஒக்கார வெக்க மாட்டோம், கல்யாணத்தத் தள்ளிவைன்றாங்க. அவுங்க வூட்ல சுனாமில ரெண்டு உசுரு போயிருக்கு. அவங்களக் கொற சொல்ல முடியாது. ஆனா பந்தக்கால் நட்டப்புறம் கல்யாணம் நின்னா எம்பொண்ண அப்பறம் யாரு கட்டுவா?”

அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கிக்கொண்டிருப்பேன்.

ஸ்கூட்டியின் பின்சீட்டில் அவரையும் மட்டையையும் உட்காரவைத்துக்கொண்டு கடலூர் துறைமுகம் பக்கம் போனேன். வழிநெடுக மனதுக்குள் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். அங்கே மாப்பிள்ளை வீட்டு வாசலில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். அத்தனை பேரும் டிவியில் என்னைப் பார்த்தவர்கள்.

“நான் சொன்னது தப்பு. அது பூஜ்யம்தான். வேகம் தொண்ணூறுக்கு மேல இருக்காது” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“காலைல முந்நூறு, சாயங்காலம் தொண்ணூறா?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. “காத்த கண்ணால பாத்தவன் யாரயாச்சும் கேட்டியாம்மா?”

“இல்லீங்க.”

“ஊரே இருந்துச்சே.”

அப்போது அஞ்சலையம்மா என் முதுகில் கை வைத்தார். “வுடுங்க சம்மந்தி. தப்புன்னு தெரிஞ்சதும் இம்மாந்தூரம் வந்து உங்க எல்லார் முன்னாடியும் நிக்குது. வேற யாரா இருந்தாலும் கதவ சாத்திக்கினு உள்ளயே இருந்திருப்பாங்க.”

கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தவளுக்காக, அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மா பேசினார். இதுவரை எனக்காக யார் யாரோ எவ்வளவோ செய்திருக்கிறார்கள். அந்த ஒரு கைக்கு ஈடாக எதையும் சொல்லமாட்டேன்.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். “தொண்ணூறுதான்னு நெசமா நம்புறியா?”

“நம்பறேன்.”

“அப்ப நாளைக்கு விடியக்காலமே வந்து பந்தல்ல ஒக்காரு. எங்க புள்ளைங்க நடுவுல. நாங்க கெளம்புற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது. நீ ஒக்காந்தா நாங்க வரோம்.”

மறுநாள் காலை ஐந்தரைக்கே போய் உட்கார்ந்தேன். இரண்டு பஸ்ஸில் வந்தார்கள். மடியில் யாருடைய குழந்தையோ ஒன்று, இரண்டு பக்கமும் நாலு. கடல் பக்கமிருந்து சாதாரணக் காற்று வந்து கீற்று சலசலத்தபோதெல்லாம் இருநூறு தலை மேலே பார்த்துவிட்டு, அடுத்து என்னைப் பார்த்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். தாலி ஏறியது. வசந்தா அழுதாள், அஞ்சலையம்மா அழுதார், நானும் அழுதேன். (கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையைவிட நான் அதிகப் படங்களில் இருக்கிறேன். எல்லாவற்றிலும் பந்தல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.)

அதோடு விட்டார்களா? வசந்தாவின் மகளுக்குப் பெயர் வைத்தது, காது குத்தியது, புது வீடு குடிபோனது, எதுவும் நான் முதல் வரிசையில் உட்காராமல் ஆரம்பித்ததில்லை. இரண்டு ஊரிலும் என் பெயர் ‘முந்நூறு மிஸ்’. என் கல்யாணத்துக்கு அஞ்சலையம்மா வீட்டிலிருந்து பதினெட்டு பேர் வந்தார்கள். என் கணவரிடம் அவர்கள் சொன்ன முதல் சமாச்சாரமே இதுதான். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இப்போது எனக்கு இரண்டு மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. இவ்வளவு மோசமாகக் கணக்குப் போட்டு இவ்வளவு நல்லது அடைந்தவர்கள் இயற்பியலில் அதிகம் இருக்கமாட்டார்கள்.

போன மாதம் வசந்தாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். டிராஃபிக்கில் மாட்டி முக்கால் மணிநேரம் தாமதம். பாதி வழியில் போன் வந்தது, வசந்தாவின் மாமியார்.

“எங்க கீற பாப்பா? தட்டு மாத்தணும், சீக்கிரம் வா. இங்க அத்தினி பேரும் வானத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருக்காங்க.”