மூன்றாவது பூட்டு

நாகர்கோவிலில் கள்ளனுக்குப் பயப்படாமலே கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டவர் ஒருவர்தான். உள்ளே இரண்டு பாயும் ஓர் அடுப்பும் தவிரத் திருட ஒன்றுமில்லை. தெருவில் அவருக்கு ‘மூணுபூட்டு’ என்றே பெயர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை.

நான் எட்டாம் வகுப்போடு வெளியேறி, அருமனையில் ரப்பர் வெட்டி, கன்னியாகுமரியில் லாட்ஜ் கழுவி, கடைசியில் நாகர்கோவில் சந்தையில் சுமை இறக்க வந்தவன். படுக்க இடமில்லை என்றதும் அவர் தம் அறையில் பாய் விரித்தார். கையில் ஒரு சாவியும் கொடுத்தார்.

மற்ற சாவிகளில் ஒன்று எதிர் டீக்கடை அக்காவிடம். இன்னொன்று ஆட்டோ ஓட்டும் குளச்சல் பாயிடம். அவர் கையில் ஒன்றும் கிடையாது. சாயங்காலம் நாங்கள் மூவரும் வந்தால்தான் அவர் தம் அறைக்குள் நுழையலாம். பாய் தூரச் சவாரி போன நாளெல்லாம் படிக்கட்டில் பாடம் நடக்கும்.

“மக்கா, வைரஸ் செல்லுக்குள்ள ஏறிட்டுன்னு வை. இன்டர்ஃபெரான்னு ஒரு சாதனம் உண்டாக்கணும். அதுக்க ஜீன் பூட்டிக் கெடக்கும். தொறக்க மூணு வகை புரதம் வேணும். ரெண்டு உட்கருவுக்கு வெளிய சும்மா கெடக்கும். ஒண்ணு உள்ளேயே ஒறங்கும். சேதி கேட்டு வெளிய உள்ளவன் ஓடி வரணும், உள்ள உள்ளவன் எழும்பணும். மூணும் ஜீனுக்க பக்கத்துல ஒண்ணா இருந்தாத்தான் தொறக்கும்.”

“ஒருத்தன் போதாதா அண்ணாச்சி?”

“போதும்னா சும்மா சும்மா தொறக்கும்லே. ஒடம்பு தன்னையே எரிச்சுப் போடும்.”

“தொறந்தா அந்த செல்லு பொழச்சிருமா?”

“அனேகமா பொழைக்காது. அந்த சாதனம் அடுத்த வீட்டுக்காரனுக்குள்ள சேதி. வந்துட்டான், கதவ அடச்சுக்கோன்னு.”

டீக்கடை அக்கா அங்கிருந்தே கேட்பார்: “அதுவர செல்லுக்கு மூத்திரம் முட்டுனா என்ன செய்யும் அண்ணாச்சி?”

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. போர்த்திச் சுருண்டு கிடந்தேன். தினமும் விடியுமுன்பே வேலைக்குப் போகிறவன் என்பதால், போர்வைக்குள் ஆள் இருப்பதை அவர் கவனிக்கவில்லை. மூன்றும் அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டுகள். வழக்கம்போல் அமுக்கிவிட்டுப் போனார். நான் உள்ளே, மூன்றாவது சாவி என் இடுப்பில்.

மதியம் என் முனகல் அக்காவுக்குக் கேட்டது. போன் போட்டார். பாய் வந்தார்; மூணுபூட்டு செருப்பில்லாமல் ஓடி வந்தார். இரண்டு பூட்டுகள் திறந்தன.

“மக்கா, சாவியக் கதவுக்கு அடியில தள்ளுலே!”

எல்லாம் கேட்டது. விரல்தான் அசையவில்லை.

“எலே, எழும்புலே! நீதான் உள்ள உள்ளவன்!”

“அண்ணாச்சி, பாடத்தப் பொறவு பாக்கலாம்,” என்றார் பாய்.

பிறகு பூட்டின் மேல் கல் விழுந்தது. ஐந்தாறு முறை விழுந்தது.

ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது மூணுபூட்டின் கட்டைவிரலில் கட்டு. இன்னும் பிந்தியிருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னாராம்.

“டெங்கு. அது உள்ள போற சேதியவே அறுத்துப் போடும். நீ என்ன செய்வ,” என்றவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஆனா நான் செஞ்சது தப்பு மக்கா. ஜீனக் கல்லு கொண்டு தட்டித் தொறக்க ஒக்காது.”

அப்புறம் பல ஊர் போனேன். போன மாதம் அந்தத் தெருவுக்கு வந்தபோது, மூன்றாவது கொண்டியில் அதே நெளிந்த பூட்டு பூட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

“புதுசு வாங்கலியா அண்ணாச்சி?”

“எதுக்கு? அதுக்க சாவிக்காரன் ஊருல இல்லல்லா.”

பாயும் அக்காவும் வந்து திறந்தார்கள். உள்ளே நான் படுத்த பாய் விரித்தபடியே கிடந்தது.