சாக்ஸ்காரருக்குத் தமிழ் தெரியாது

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மருமகள் மட்டும் நான்கு நாட்களாக என்னோடு பேசுவதில்லை. மற்றபடி அவளும் சுகம்.

உங்கள் பள்ளியிலும் சின்னப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தொடங்குகிறார்கள் என்று சொல்லி, "உங்க கூட்டத்துல என்னென்ன யோசனை ஓடுதுன்னு எழுதுங்கண்ணா" என்று கேட்டிருந்தாய். எழுதுகிறேன். எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல கடிதம் உனக்குக் கிடைக்காது.

சனிக்கிழமைதோறும், மருமகள் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் பள்ளியில், இரண்டாம் வகுப்பு அறையில் கூடுகிறோம். அங்கே இருப்பதெல்லாம் ஏழு வயதுக்காரர்களுக்கான நாற்காலிகள். உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். வெளிநாட்டு மொழி சொல்லிக்கொடுக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். நான் ஓய்வு பெற்றவன், வீட்டில் சும்மா இருந்தால் உன் அண்ணி வெங்காயத்தையும் கத்தியையும் கையில் கொடுத்துவிடுகிறாள் என்பதால், கூட்டக் குறிப்பு எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி. ஒருவர் சொல்லும் யோசனையை இன்னொருவர்தான் தன் வகுப்பில் செய்து பார்க்க வேண்டும். சொன்னவரே செய்தால் பிரமாதம் என்றுதானே சொல்வார்? உதாரணத்துக்கு, வருகைப் பதிவைப் பிரெஞ்சில் பாட்டாகவே எடுக்கலாம் என்றார் பாட்டு டீச்சர். எப்போதும் எதையாவது வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் கத்தரிக்கோல் டீச்சர் எடுத்தார். பாடி முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. எல்லாப் பொருளிலும் அதன் பிரெஞ்சுப் பெயரை எழுதி ஒட்டலாம் என்றார் கத்தரிக்கோல். மருமகளின் பள்ளியிலேயே வேலை பார்க்கும் பாட்டு டீச்சர் ஒட்டவைத்தார். ஒரு பிள்ளை 'அலமாரி' என்ற சீட்டைத் தலைமையாசிரியையின் முதுகில் ஒட்டிவிட்டது. அந்த அம்மா அன்று முழுக்க அலமாரியாகவே பள்ளியைச் சுற்றி வந்தார்.

அதனால் வந்த கோபமோ என்னவோ, "வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வர்றார். உங்க வகுப்பைத்தான் காட்டப்போறேன். பிள்ளைங்க நாலு வாக்கியம் பேசினாப் பிரெஞ்சு இருக்கும், இல்லன்னா அந்த நேரத்தை விளையாட்டு வாத்தியாருக்குக் குடுத்துடுவேன்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டார். வாரத்துக்கு மூன்று பாடவேளை, அவள் இரண்டு வருடம் கெஞ்சி வாங்கியவை. கூட்டத்தில் இதைச் சொல்லும்போது அவள் முகம் வாடியதைப் பார்த்து நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

என் பழுப்பு நிறச் சாக்ஸ் ஒன்றில் இரண்டு பொத்தான்களைக் கண்ணாகத் தைத்துக் கையில் மாட்டிக்கொள்ளச் சொன்னேன். "இவர் வெளிநாட்டுக்காரர். தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இவர்கிட்டப் பேசணும்னா பிரெஞ்சுலதான் பேசணும்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லிடும்மா." கூட்டமே கைதட்டியது. குறிப்பில் என் யோசனையை நானே அடிக்கோடிட்டு எழுதினேன்.

திங்கட்கிழமை மருமகள் துள்ளிக்கொண்டு வந்தாள். "மாமா, முப்பத்திரண்டு பேரும் கண்ணு கொட்டாம அவரையே பாக்குறாங்க!" செவ்வாய்க்கிழமை முதல் பெஞ்சுப் பெண் எழுந்து நின்றாளாம். "டீச்சர், தமிழ் தெரியாம இவரு எப்படிக் கடைக்குப் போவாரு? பாவம் டீச்சர்." வகுப்பே பாவம் என்றது. இடைவேளையில் ஒருவரும் விளையாடப் போகவில்லை. வட்டமாக உட்கார்ந்து, இவருக்கு எப்படித் தமிழ் சொல்லிக்கொடுப்பது என்று கூட்டம் போட்டிருக்கிறார்கள்.

"சத்தமாச் சொன்னாப் புரியும்."

"போடி, அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது. பொருளக் காட்டிச் சொல்லணும்."

"தப்பாச் சொன்னா யாரும் சிரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

தங்கச்சி, முப்பத்தொரு வருட வேலையில் இதைவிட நல்ல கூட்டத்தில் நான் உட்கார்ந்ததில்லை.

புதன்கிழமை, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, சாக்ஸின் பொத்தான் கண்ணைப் பார்த்து, "தண்...ணி, தண்...ணி" என்று பத்துத் தடவை சொல்லியிருக்கிறது. மருமகள் என்ன செய்வாள்? சாக்ஸ் "தண்ணி" என்றது. வகுப்பு போட்ட சத்தத்தில் பக்கத்து அறை டீச்சர் ஓடி வந்துவிட்டாராம். அதோடு போச்சு. வியாழக்கிழமை மாலைக்குள் சாக்ஸ் தமிழில் விடுகதை போடுகிறது. "ஏம்மா, அவரைக் கொஞ்சம் மந்தமா வச்சிருக்கக் கூடாதா?" என்றேன். "அந்த மூஞ்சிகளப் பாத்துட்டு நீங்க வைங்க மாமா, பாப்போம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் தாழ்வார ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வாளர் முதல் பெஞ்சுப் பெண்ணிடம், "பாப்பா, இவருக்குப் பிரெஞ்சுல வணக்கம் சொல்லு" என்றார்.

"எதுக்கு சார்? அவருக்குத்தான் இப்பத் தமிழ் தெரியுமே."

"சரி, எனக்குச் சொல்லு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயோ, உங்களுக்கும் தமிழ் தெரியாதா சார்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வகுப்பே அவரைச் சூழ்ந்திருந்தது. வாய் திறக்காத அந்தப் பிள்ளை பாட்டிலை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "தண்...ணி" என்றது. அந்த மனுஷனும் எவ்வளவோ சமாளித்துப் பார்த்தார். கடைசியில் "தண்ணி" என்றார். கைதட்டு கூரையைத் தூக்கியது.

அறிக்கை வந்தது: 'மாணவர்கள் வெளிநாட்டவருக்குத் தமிழ் கற்பிப்பதில் சிறந்து விளங்குகின்றனர். பிரெஞ்சு எதுவும் காதில் விழவில்லை. ஒரு மாதத்தில் மறு ஆய்வு.' அதுதான் கடைசி வாய்ப்பு என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வீட்டில் மருமகள் சாக்ஸை மாட்டிக்கொண்டுதான் சாப்பிட உட்காருகிறாள். "மாமாவ உப்பு எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்று அதனிடம் சொல்கிறாள். அது என்னிடம் சுத்தமான தமிழில் சொல்கிறது.

ஆகவே தங்கச்சி, பாடு, ஒட்டு, என்ன வேண்டுமானாலும் செய். சாக்ஸ் பக்கம் மட்டும் போகாதே. யோசனை சொல்வதை நானும் நிறுத்திவிட்டேன். இனி வெங்காயம்தான்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகத் தூங்கி, நீண்ட காலம் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் இரண்டு நாள் மேஜையிலேயே கிடந்தது. இன்று மருமகள் சாக்ஸ் இல்லாமல் நேராக என்னிடமே வந்து பேசினாள். வகுப்பில் சாக்ஸ்காரரிடம் ஊரைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். ஊரில் அம்மா இருக்கிறார் என்றிருக்கிறார். "அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?" தெரியாது, பிரெஞ்சு மட்டும்தான் என்றிருக்கிறார். "அப்ப நீங்க நல்லா இருக்கீங்கன்னு அவங்களுக்கு யாரு சொல்லுவா?" என்று வகுப்பே பதறி, ஒரே நாளில் ஏழு வாக்கியம் பிரெஞ்சு கேட்டு வாங்கி, முப்பத்திரண்டு கடிதம் எழுதிவிட்டது. தலைமையாசிரியை முப்பத்திரண்டையும் தானே எண்ணிப் பார்த்தாராம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. உடனே ஒரு சாக்ஸ் தைத்துக்கொள், அதற்கு ஊரில் ஓர் அம்மாவையும் வை. கடிதங்களுக்கு அம்மா பதில் எழுத வேண்டுமே, டீச்சர் கையெழுத்து பிள்ளைகளுக்குத் தெரியும் என்பதால் இங்கே அம்மா நான்தான். எனக்குப் பிரெஞ்சில் ஒரு எழுத்தும் தெரியாது என்பது உனக்குத் தெரியும். இனி அடிக்கடி கடிதம் எதிர்பார்க்காதே. முப்பத்திரண்டு பிள்ளைகள் நான் சுகமா என்று கேட்டிருக்கிறார்கள், எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.