‘சரி’யைப் பொறுக்காத மனிதர்

கான்டாங்கரஸ் என்றொரு மனித இனம் உண்டு. ஆங்கிலச் சொல்; உச்சரித்தாலே தகர டப்பா படிக்கட்டில் உருள்கிற சத்தம் வரும். பதிமூன்று வயதில் பள்ளியை விட்டு, எங்கள் யார்க்‌ஷயர் கடற்கரையில் மூன்று மீன்வறுவல் கடைகளைத் தனியாளாக எழுப்பியவன் நான். அகராதி பார்த்தவனல்ல, ஆளைப் பார்த்தவன். ஆகவே என் விளக்கமே போதும். கை நீட்டுகிறவனை இப்படிச் சொல்லக் கூடாது. அவன் வெறும் ரௌடி. இளைஞனுக்கும் பொருந்தாது, தலை நரைத்திருக்க வேண்டும், காரணமில்லாமல் வம்புக்கு நிற்க வேண்டும். முகத்துக்கு நேரே சொல்லலாமா? சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல் தனக்கு ஏன் பொருந்தாது என்று உங்கள் சாப்பாடு ஆறும்வரை நிரூபிப்பார்.

எங்கள் ஊருக்கு வாய்த்தவர் வில்ஃப்ரட் ஸ்னெய்த். வானொலி மழை என்றால் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து நனைவார். என் கடையில் வறுவல்மேல் வினிகர் ஊற்றினால் அதிகம் என்பார், ஊற்றாவிட்டால் கஞ்சன் என்பார், அவரையே ஊற்றிக்கொள்ளச் சொன்னால் வாடிக்கையாளரை வேலை வாங்குகிறேன் என்பார். பாதிரியார் காலை வணக்கம் சொன்னால் இதில் வணங்க என்ன இருக்கிறது என்று கேட்பார்.

அவர் மனைவி மேவிஸுக்கு மூட்டுவலி. சாயங்காலம் குன்றேறிக் கடல் பார்ப்பது ஒன்றுதான் அந்தம்மாவின் சந்தோஷம். மேலே உட்கார இடமில்லை. ஊர்க் கமிட்டியிடம் ஒரு பெஞ்சு கேள் என்றாள். வில்ஃப்ரட் வாரம் முழுக்கக் கண்ணாடி முன் வாதாடிப் பழகினார். கண்ணாடியோடும் சண்டை.

கூட்டத்தில் நானும் இருந்தேன். நானில்லாமல் அங்கே எது நடக்கும்? அவர் முதல் வாக்கியத்தைப் பாதி முடிப்பதற்குள் தலைவி திருமதி அக்ராய்ட் சொன்னார்:

“நல்ல யோசனை வில்ஃப்ரட். போட்டுடலாம்.”

எல்லாக் கைகளும் உயர்ந்தன. வேறு யாராயிருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். வில்ஃப்ரட்டின் முகம் டீயில் விழுந்த பிஸ்கட்டாகிவிட்டது.

“அதெப்படி, கேட்டவுடனே சரின்னுட்டீங்க? கொஞ்சமாவது யோசிச்சீங்களா?”

உப்புக்காற்றில் மரம் உளுத்துப்போகும் என்றார். கடற்பறவைகள் எச்சமிடும், குடிகாரர்கள் படுப்பார்கள், வரி ஏறும் என்றார். பிரமாதமான வாதம். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் திருமதி அக்ராய்ட், அவர் சொல்வதும் நியாயம்தான், பெஞ்சு வேண்டாம் என்று முடித்துவிட்டார்.

வில்ஃப்ரட் வெற்றியோடு திரும்பினார். பின்வரிசையில் மேவிஸ், நாற்காலி முதுகைப் பிடித்து மெதுவாக எழுந்துகொண்டிருந்தாள்.

“வா வில்ஃப்ரட், வீட்டுக்குப் போலாம். ஜெயிச்சுட்டே இல்ல?”

மறுநாள் சாயங்காலம், சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மூச்சிரைக்க அவர் குன்றேறியதை ஊரே பார்த்தது. மேவிஸ் உட்கார்ந்தாள். இவர் பக்கத்தில் நின்றார். கடல் இன்றைக்கு அழகாயிருக்கிறது என்றாள். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கடலைப் பார்த்து மட்டும், “இவ்வளவு சத்தம் எதுக்கு?” என்று கேட்டார்.

அவருக்கும் ஒரு நாற்காலி கொண்டுபோயிருக்கலாமே என்று இப்போது உங்களுக்குத் தோன்றுகிறது, இல்லையா? தோன்றவில்லை என்று மறுக்காதீர்கள். மறுத்தால் நீங்களும் அந்த இனம்தான் என்பது உறுதியாகிவிடும்.